தோல் தனியாக நகர்ந்தது

இடுப்புக் கிண்ணம், அதாவது தொடை எலும்பின் உருண்டைத் தலை உட்காரும் இடுப்பு எலும்புக் குழி, உடைந்து படுத்திருப்பவர்களுக்கும், அதைவிட முக்கியமாக, பக்கத்தில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு உடைந்தது 2023 டிசம்பரில். எலும்பு எப்போதோ சேர்ந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தால் தட்டும் திருகும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் இத்தனை நாளும் என்னைப் பாடாய்ப் படுத்தியதில் பெரும்பங்கு எலும்பைச் சுற்றியிருந்த தோலுக்கும் கொழுப்புக்கும் தசைக்கும் நரம்புக்கும்தான். அந்த விஷயத்தை முதலில் கவனித்தவள் என் மனைவி. டாக்டர்கள் அப்புறம்தான் பார்த்தார்கள்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. விடியற்காலை ஐந்தேகால் இருக்கும். மாரண்டஅள்ளியிலிருந்து பாலக்கோடு தக்காளி மண்டிக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். 16 வருடமாக அங்கே கணக்கு எழுதுகிறேன். பனியில் எதிரே வருவது சரியாகத் தெரியவில்லை. கிரேடு (காய்ப் பெட்டி) ஏற்றிய பிக்கப் ஒன்று கிளைச் சாலையிலிருந்து ஏறித் திரும்பியது. என் வலது முழங்கால் அதன் முகப்பில் மோதியது. விழுந்ததும், தொடையின் வெளிப்பக்கத்தை அதன் பின்சக்கரம் அழுத்தித் தேய்த்துக்கொண்டு போனது. ஏறி இறங்கவில்லை, ஓரமாக உரசி இழுத்தது. அந்த உரசலைப் பற்றி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கால் வலியில் அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

ஓடி வந்த இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். பால் வண்டிக்காரர் ஒருவர்தான் தடுத்தார். "தூக்காதீங்கப்பா, கால் எப்படித் திரும்பிக் கெடக்குது பாருங்க" என்றார். என் வலது கால் இடதைவிடக் குட்டையாகி, முழங்கால் உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. இடுப்பு மூட்டு பின்பக்கமாக நழுவினால் கால் அப்படித்தான் கிடக்குமாம். அவர் தன் துண்டால் இரண்டு காலையும் சேர்த்து லேசாகக் கட்டி, 108 வரும்வரை யாரையும் தொடவிடவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அந்த ரோட்டில் பால் வண்டி கண்ணில் பட்டால் உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்க்கிறேன்.

தர்மபுரியில் முதலில் சேர்த்த மருத்துவமனையில் ஒரு பெரிய நல்லது நடந்தது. மூன்று மணி நேரத்துக்குள் மயக்க மருந்து கொடுத்து, நழுவிய மூட்டை இழுத்து உள்ளே உட்கார வைத்தார்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்தம் போகும் வழி மிகக் குறுகல். மூட்டு வெளியே கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வழி நசுங்கிக்கொண்டிருக்கும். ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு. தாமதித்தால் உருண்டை உள்ளேயே செத்துப்போய் வருடங்கள் கழித்து நொறுங்கலாம். எனக்கு அது நடக்காமல் இருப்பதற்கு அன்று காலை பணியில் இருந்த அந்த இளம் டாக்டர்தான் காரணம் என்று நம்புகிறேன்.

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கிண்ணத்தின் குறுக்கே ஒரு முறிவு, பின்சுவரில் ஒரு துண்டு தனியாக. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைக் குத்தி, கப்பி வழியாக எடை தொங்கவிட்டார்கள். "ஐந்தாம் நாள் தட்டு வெச்சு ஆபரேஷன்" என்றார்கள். வலது பாதத்தை மேலே தூக்கச் சொன்னபோது என்னால் முடியவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை. என் மனைவி வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொடையின் வெளிப்பக்கம், இடுப்பு எலும்பு துருத்தும் இடத்துக்குக் கீழே வந்ததும் கை நின்றது. இன்னொரு முறை துடைத்தாள். அப்புறம் துணியை வைத்துவிட்டு வெறும் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க தொட்டா தெரியுதா?"

"எங்க?"

"இப்பத் தொட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் உள்ளங்கையை அங்கே வைத்து முன்னும் பின்னும் அசைத்தாள். "தோலு தனியா நகருதுங்க. வெந்நீர்ல போட்ட தக்காளித் தோலு மாதிரி" என்றாள். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் அலை எழும்பியது. தண்ணீர் நிரப்பிய பைபோல் தளும்பியது. மேலே பெரிய காயம் எதுவும் இல்லை. சிராய்ப்பும், கருநீலமாய்க் கன்றிப்போன இடமும்தான்.

நர்ஸிடம் சொன்னாள். "அடிபட்டா நீர் கோத்துக்கத்தான் செய்யும்மா, தானா வடிஞ்சிரும்" என்று பதில் வந்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடமும் சொன்னாள். அவர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு "ரத்தக்கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். எலும்பு உடைந்தவர்கள் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் வார்டில் அவருக்கு எத்தனை வேலை இருந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பார்வை போதவில்லை. கை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

என் மனைவி விடவில்லை. போனில் படம் எடுத்தாள். வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டாள். சாயங்காலம் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அளவு பரவியிருந்தது. அதையும் படம் எடுத்து, சேலத்தில் எலும்பு மருத்துவரிடம் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையனுக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "அக்கா, டாக்டர் பார்த்துட்டார். ஆபரேஷனுக்கு முன்னாடி இதைக் கட்டாயம் சரிபண்ணணுமாம். முடிஞ்சா கூட்டிட்டு வரச் சொல்றார்."

மறுநாள் ஆம்புலன்சில் சேலம் கிளம்பினோம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி பிரேக் போடும்போதெல்லாம் உடைந்த கிண்ணத்துக்குள் கத்தி திருகுவதுபோல் இருந்தது. அந்தச் சாலையில் விபத்துச் செய்தி வராத மாதம் கிடையாது. என் மனைவி இறக்கம் முடியும்வரை ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

சேலத்து டாக்டர் செய்த முதல் காரியம், இரண்டு கையாலும் என் தொடைத் தோலைத் தொட்டு நகர்த்திப் பார்த்தது. அப்புறம் பழைய சி.டி. படத்தையே போட்டு, எலும்பைப் பார்க்காமல் வெளியோரத்தைச் சுட்டிக்காட்டினார். கொழுப்புக்கும் தசைக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட பட்டை. படத்தில் அது முதல் நாளே இருந்திருக்கிறது. எல்லார் கண்ணும் உடைந்த கிண்ணத்தில் இருந்ததால் ஓரத்துக்குப் போகவில்லை.

இதற்கு மோரெல்-லவல்லே காயம் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்து எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தோலும் அதற்கடியில் உள்ள கொழுப்பும் ஒரு அடுக்கு. தசையை இறுக்கி மூடியிருக்கும் தடித்த சவ்வு இன்னொரு அடுக்கு. சக்கரம் அழுத்தித் தேய்க்கும்போது மேல் அடுக்கு நகர்கிறது, கீழ் அடுக்கு நகர மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே மேலேறும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அறுந்துபோகின்றன. தோல் கிழியாமலேயே உள்ளே ஒரு பொந்து உண்டாகி, ரத்தமும் நிணநீரும் செத்த கொழுப்பும் அதில் சேர்கின்றன. நரம்பு அறுந்ததால் தொட்டால் தெரிவதில்லை. மண்டியில் எங்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். அடிக் கிரேடில் நசுங்கிய தக்காளி மேலுக்குப் பளபளவென்று இருக்கும், விரல் வைத்தால்தான் உள்ளே தண்ணியாகியிருப்பது தெரியும்.

இடுப்பு எலும்பும் கிண்ணமும் உடையும் பெரிய அடிகளில்தான் இது அதிகம் வருகிறது. அதிலும் தொடையின் வெளிப்பக்க மேட்டில். சிலருக்கு அன்றே தெரியும், சிலருக்கு நாட்கள், வாரங்கள் கழித்துத்தான் வீங்கும். ஆபத்து எங்கே என்றால், கிண்ணத்தைச் சேர்க்கக் கத்தி வைக்கும் இடமும் பெரும்பாலும் இதே இடம்தான். தோல் கிழியவில்லை என்பதால் உள்ளே சுத்தமாக இருக்கும் என்று நம்ப முடியாது. 1997இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் இப்படிப்பட்ட 24 பேரின் காயத்தைத் திறந்து சோதித்ததில் 46 சதவீதம் பேருக்குக் கிருமி வளர்ந்திருந்தது. படுக்கையில் கிடந்தபோது இதைப் படித்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை. ஐந்தாம் நாளே அந்தப் பொந்தின் வழியாகத் தட்டு வைத்திருந்தால் கிருமி நேரே எலும்புக்குப் போயிருக்கலாம்.

ஐந்தாம் நாள் தட்டு வைக்கவில்லை. தொடையில் இரண்டு சின்ன வெட்டுப் போட்டு, உள்ளே இருந்ததை வெளியேற்றிக் கழுவி, செத்த கொழுப்பைச் சுரண்டி எடுத்து, டியூப் வைத்தார்கள். 400 மில்லிக்கு மேல் வந்ததாம். மங்கிய சிவப்பு நீர். மேலே எண்ணெய்த் துளிகள், ரசத்தில் நெய் மிதப்பதுபோல் மிதந்தன என்று என் மனைவி சொன்னாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பொந்து மறுபடி நிரம்பாமல் இருக்கத் தொடையை இறுக்கிக் கட்டினார்கள்.

டியூபில் வருவதைத் தினமும் அளந்து எழுதச் சொன்னார்கள். என் மனைவி மண்டி நோட்டிலேயே எழுதினாள்: 180, 110, 65, 40, 25. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் டியூபை எடுப்போம் என்றார் டாக்டர். தக்காளி விலைக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. டியூபை எடுத்து, ஒரு நாள் விட்டு, விபத்து நடந்த பன்னிரண்டாம் நாள் கிண்ணத்துக்கு ஆபரேஷன் நடந்தது. ரொம்பத் தள்ளிப்போடவும் முடியாது. மூன்று வாரம் தாண்டினால் உடைந்த துண்டுகள் கண்டபடி ஒட்ட ஆரம்பித்துவிடும், சரியாகப் பொருத்துவது கஷ்டம் என்றார்.

தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். இடுப்பு, கிண்ணம், தொடை எலும்பு எது உடைந்திருந்தாலும், வண்டி உரசியதா, சக்கரம் பட்டதா, தரையில் இழுபட்டதா என்பதை முதல் டாக்டரிடமே சொல்லுங்கள். தினமும் உடம்பு துடைக்கும்போது இடுப்பின் பக்கவாட்டு, புட்டம், கீழ்முதுகு, தொடை எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று நோயாளியைக் கேளுங்கள். தளும்பினால், தோல் நகர்ந்தால், பேனாவால் கோடு போட்டு, தேதி எழுதி, படம் எடுங்கள். "வீக்கம்" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் அவசரம் தெரியாது. "தொட்டால் உணர்ச்சி இல்லை, தோல் தனியாக நகர்கிறது, நேற்றைவிடப் பெரிசாகியிருக்கிறது" என்று சொல்லுங்கள். தோல் கறுத்துக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாற்றம் வந்தாலோ விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

உணர்ச்சி இல்லாத தோலில் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. என் அம்மா ஊரிலிருந்து வரும்போதே தவிடும் உப்பும் துணியில் முடிந்துகொண்டு வந்திருந்தார். அடிபட்ட உடம்புக்கு ஒத்தடம் கொடுத்தே எங்களை வளர்த்தவர். சூடு எனக்குத் தெரியாது, தோல் வெந்துபோயிருந்தாலும் தெரியாது. நர்ஸ் ஒருவர் பார்த்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து, என் தொடையில் ஐஸ் கட்டியை வைத்து, "பாருங்க பாட்டி, இதுவே இவருக்குத் தெரியல" என்று காட்டினார். அம்மா அந்த முடிச்சை அவிழ்த்து வெளியே கொட்டிவிட்டு வந்து ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நீவி விடுவது இன்னொன்று. எங்கள் பக்கம் எலும்பு உடைந்தால் முதலில் எழும் பேச்சே கட்டுத்தான். "புத்தூர் போய் ஒரு கட்டுப் போட்டுட்டு வந்துடலாம், கத்தியே வேணாம்" என்றார் மாமா. அன்பினால் சொன்னதுதான். கையோ காலோ உடைந்து கட்டில் சேர்ந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கிண்ணம் உடம்பின் ஆழத்தில் இருக்கிறது. வெளியே கட்டும் எந்தக் கட்டும் அதைப் பிடித்து வைக்காது. மில்லிமீட்டர் கணக்கில் விலகி ஒட்டினாலும் மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆபரேஷன் முடிந்த பிறகு, "எண்ணெய் போட்டு நல்லா நீவினா இறுக்கம் விட்டுரும்" என்று வீட்டுக்கு ஒருவரையே கூட்டி வந்தார்கள். அதையும் வேண்டாம் என்றேன். இந்த அடியில் இடுப்பைச் சுற்றிய தசைகள் நசுங்கிப் போகின்றன. நசுங்கிய தசைக்குள் சிலருக்கு எலும்பு வளர ஆரம்பிக்கும். அதிகமானால் இடுப்பே மடங்காது. அதைத் தடுக்க எனக்கு ஆறு வாரம் இண்டோமெத்தசின் மாத்திரையும், வயிறு புண்ணாகாமல் இருக்க இன்னொரு மாத்திரையும் கொடுத்தார்கள். சில இடங்களில் இதற்கு ஒரே ஒருமுறை கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. இதெல்லாம் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. நசுங்கிய சதையை அழுத்திப் பிசைந்து மேலும் காயப்படுத்தக் கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் பொது.

ஆபரேஷனில் என்ன பார்த்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். இதைக் கேட்கத் தயங்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியில் முடிந்துவிடும் விஷயம், நேரில் கேட்டால் பத்து நிமிடம் வரும். புட்டத்தின் பின்பக்கமாகத் திறந்தாராம். மூட்டைச் சுற்றிய உறை கிழிந்திருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் ரப்பர் வாஷர்போல் ஓடும் குருத்து பிய்ந்திருந்தது. உருண்டையின் மேலிருந்த குருத்தெலும்பில் நகக் கீறல்போல் ஒரு தேய்ப்பு இருந்தது. "எலும்பைப் பொருத்திட்டேன். குருத்தெலும்புல பட்ட அடியை நான் திருப்ப முடியாது. பிற்காலத்துல தேஞ்சா மூட்டு மாத்த வேண்டி வரலாம்" என்று நேராகவே சொன்னார். மறைக்காமல் சொன்னதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். முழங்காலை இடித்த வேகம் தொடை எலும்பு வழியாக ஏறி கிண்ணத்தைப் பின்னால் உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த வழியிலேயே காலுக்கு இறங்கும் சயாடிக் நரம்பு ஓடுகிறது. அறுபடவில்லை, நசுங்கிக் கன்றிப்போயிருந்தது என்றார்.

பாதம் தூக்க முடியாதது அதனால்தான். ஃபுட் டிராப் என்பார்கள். சயாடிக் நரம்பில் இரண்டு பாகம் சேர்ந்து ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கும் பாகம்தான் இந்த அடியில் முதலில் கெடுகிறது. என் பாதம் ஈரத் துணி தொங்குவதுபோல் தொங்கியது. இதில் பலர் செய்யும் தவறு, நரம்பு வரட்டும் என்று பாதத்தை அப்படியே விட்டுவிடுவது. சில வாரத்தில் குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாண் சுருங்கி, பாதம் கீழ்நோக்கியே இறுகிவிடும். அப்புறம் நரம்பே திரும்பி வந்தாலும் பாதம் மடங்காது. அதனால் முதல் நாளிலிருந்தே பாதத்தை நேராக நிறுத்தும் ஸ்பிளிண்ட் போட வேண்டும். கையால் பாதத்தை மேல்நோக்கி மடக்கி மடக்கி விட வேண்டும். என் பெரிய மகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன் இருபது, வந்ததும் இருபது என்று எண்ணி மடக்கி விடுவாள். அப்போது அவள் ஏழாம் வகுப்பு.

ஸ்பிளிண்டிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் குதிகாலில் அழுத்திப் புண் வந்தாலும் தெரியாது. காலையும் மாலையும் கழற்றி, குதிகாலும் கணுக்காலும் சிவந்திருக்கிறதா என்று வேறொருவர் பார்க்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் விடுவது நல்லது.

நரம்பு வளரும் வேகம் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் என்றார்கள். இடுப்பிலிருந்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் பாதத்தைத் தூக்கும் தசை வரைக்குமான தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு வருடத்துக்கு மேல் வந்தது. அது தெரிந்ததால்தான் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் எதுவும் அசையாதபோது நான் உடைந்து போகவில்லை. பதினோராம் மாதம் ஒரு ராத்திரி, மகள் மடக்கி விட்டுக் கையை எடுத்தாள். பாதம் உடனே விழவில்லை. ஒரு நொடி நின்று அப்புறம்தான் இறங்கியது. அவள் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்கு ஓடினாள். என் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள். செய்தேன். இன்றைக்கும் முழுதாக வரவில்லை. செருப்பு நழுவும், படியில் நுனி இடிக்கும். ஆனால் ஸ்பிளிண்ட் இல்லாமல் மண்டிக்குள் நடக்கிறேன்.

வீட்டில் மூன்று மாதம் வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது, வாக்கரோடு நுனிக்கால் மட்டும் தொடலாம் என்றார்கள். எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு, கழிப்பறை குந்தி உட்காருவது. பின்பக்கமாகத் திறந்த ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. சம்மணம், குந்துதல் இரண்டும் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே கட்டிலின் கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்திவிடுங்கள். நடுவில் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள். தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்ணில் படாத இடத்துக்கு எடுத்துவிடுங்கள், பழக்கத்தில் அதில்தான் உட்காரத் தோன்றும். ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை.

ரத்தம் உறையாமல் இருக்கத் தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் செலவைப் பார்த்து அதை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே போங்கள்.

சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் ஆட்டுக்கால் சூப் என்றுதான் சொன்னார்கள். குடித்தேன், நன்றாக இருந்தது. ஆனால் தோலும் தசையும் ஆறப் புரதம் வேண்டும் என்று சொல்லி, தினம் இரண்டு முட்டை, கொள்ளுப் பருப்புக் கடைசல், வேர்க்கடலை என்று பட்டியல் கொடுத்தார் உணவு ஆலோசகர். ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும் எங்களுக்கு எப்போதும் உள்ளதுதான்.

பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எலும்பு சேர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு நாலாம் மாதம் காலை ஊன்ற அனுமதி கிடைத்தபோது, ஒவ்வொரு அடியிலும் இடுப்பு இடப்பக்கம் சரிந்தது. இடுப்பைப் பக்கவாட்டில் தாங்கும் தசை நசுங்கி, அப்புறம் மூன்று மாதம் சும்மா இருந்ததில் பலமே இல்லாமல் போயிருந்தது. ஒருக்களித்துப் படுத்துக் காலை மேலே தூக்குவது, சுவரைப் பிடித்து நின்று பக்கவாட்டில் நீட்டுவது என்று தினமும் செய்தேன். பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒருமுறைதான் பார்க்க முடிந்தது. மற்ற ஆறு நாளும் வீட்டுத் திண்ணைத் தூண்தான். ஏழாம் மாதம் மண்டிக்குத் திரும்பினேன்.

பணம், காகிதம் இரண்டைப் பற்றியும் கொஞ்சம். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தர 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் அது உண்டு. அட்மிஷன் போடும்போதே கேளுங்கள். அதன் பிறகு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. எனக்கு அட்டை இருந்தது, ஆனால் வீட்டுப் பீரோவில் இருந்தது; அதை எடுத்து வர ஒரு நாள் போனது.

விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். என்னுடையதில் எலும்பு முறிவு மட்டும் இருந்தது. தோல் பிரிந்ததும் நரம்பு அடிபட்டதும் இல்லை. இழப்பீட்டு வழக்குக்குப் போனபோது வக்கீல் கேட்ட முதல் கேள்வியே அதுதான். சேலத்து டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஆபரேஷன் குறிப்பிலும் மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்ததால் தப்பித்தேன். நரம்பு ஓட்டச் சோதனை ரிப்போர்ட், டியூப் அளவு எழுதிய நோட்டு, மனைவி எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறோம். வழக்கு இன்னும் நடக்கிறது.

போன மாதம் எங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் பையன் ஒருவன் டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து தர்மபுரியில் படுத்திருந்தான். பார்க்கப் போனேன். ஆர்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, அவன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, போர்வையை விலக்கச் சொன்னேன். இடப்பக்கத் தொடை கன்றியிருந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்து அங்கே வைத்து, எப்படி அழுத்துவது, எப்படி நகர்த்திப் பார்ப்பது என்று காட்டினேன். தோல் நகரவில்லை, அவனுக்கு உணர்ச்சியும் நன்றாகவே இருந்தது. "வலிக்குதுண்ணா" என்று கையைத் தட்டிவிட்டான். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஆனாலும் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து, கன்றிய இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதினேன்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லையே தம்பி, அப்புறம் எதுக்கு?" என்றார் அந்த அம்மா.

"சிலருக்கு வாரம் கழிச்சுக்கூட வருதும்மா. தினமும் துடைக்கும்போது தொட்டுப் பாருங்க" என்றேன். அவர் பேனாவை வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.